மேலே துடுப்பு, கீழே தூக்கம்

‘எனக்கெதுக்குங்க இவ்வளவு பெரிய சேரு’ என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரிய நாற்காலியில் பொருந்தி அமர்ந்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், தொப்பம்பட்டி நமக்குத் தந்த பெரியவர் நாச்சிமுத்து அவர்களே! முன் வரிசையில் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் மேடைக்குத் தந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தில் அரை மனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, மீதி மனத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! நான் முடிப்பதற்கும் தேநீர் வருவதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே! மேடைக்கு நேர் எதிரே, என் பார்வை தப்பிக்க வழியில்லாத இடத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் என் வாழ்க்கைத் துணைவி இஞ்ஞாசியம்மாள் அவர்களே! அவர் பக்கத்தில், இந்தக் கூட்டத்துக்குக் காரணமாகவும் கருப்பொருளாகவும் வந்து அமர்ந்திருக்கும் செவிலியர், மகள் போன்ற பவித்ரா அவர்களே! உங்கள் எல்லாருக்கும் இந்த ஞானதாஸின் நடுங்கும் வணக்கம்.

நடுங்கும் வணக்கம் என்றது பேச்சு அழகுக்காக அல்ல. ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் என் கையைப் பாருங்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவன் நான். ஊசல் ஆடும், நான் எண்ணுவேன். மறுபடியும் ஆடும், மறுபடியும் எண்ணுவேன். மூன்று முறை அளந்து சராசரி எடுக்காமல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அப்படிச் சொன்ன பிறகும், ‘எதற்கும் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சேர்த்துச் சொல்வேன். அந்தப் பழக்கம் இன்றும் இடையிடையே வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையோரே! நமக்கும் துடுப்புக்கும் என்ன தொடர்பு? நம் ஊரில் பூட்டு உண்டு, பூ உண்டு, பிரியாணி உண்டு. அண்ணாந்து பார்த்தால் சிறுமலை உண்டு. அங்கிருந்து இறங்கி வரும் வாழைப்பழம் உண்டு. படகு உண்டா? படகு போக ஆறு உண்டா? ஆறு போகட்டும், குழாயில் நீர் உண்டா? குடத்தையே நீருக்காகக் காக்க வைத்திருக்கும் ஊரில் துடுப்புக்கு என்ன வேலை?

இருந்தும், நம் கட்டடத்தில் இன்று நான்கு வீடுகளில் நான்கு துடுப்பு இயந்திரங்கள்! எப்படி வந்தன? பொங்கலை ஒட்டி இதே கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு மருத்துவர் சொன்னார்: ‘நடந்தால் சிலருக்கு முழங்கால் வலிக்கும். வீட்டுக்குள்ளேயே துடுப்பு வலித்துப் பாருங்கள். கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். மூட்டில் உடம்பின் எடை விழாது.’ சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த வாரமே பாதாளச் சாக்கடைக்காக நம் தெருவைத் தோண்டினார்கள். நடக்கவும் வழியில்லை. பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் செய்தி பறந்தது. ஒரு மகன் ஒன்று அனுப்பினார், ஒரு மகள் இன்னொன்று அனுப்பினார். ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

இதுவரை பார்க்காதவர்களுக்காக ஒரு சொல். நீளமான ஒரு தண்டு. அதன் மேல் முன்னும் பின்னும் உருளும் ஓர் இருக்கை. பாதத்தைக் கட்ட வார். கையில் ஒரு பிடி. காலால் உதைத்துப் பின்னே போக வேண்டும், முதுகைச் சற்றுச் சாய்க்க வேண்டும், கடைசியில்தான் பிடியை வயிற்றுக்கு இழுக்க வேண்டும். கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். இது தெரியாமல் நாம் எல்லாரும் முதல் நாள் கையால் மட்டுமே இழுத்தோம். மறுநாள் இந்தக் கட்டடத்தில் ஒருவராலும் குழம்புக் கரண்டியைத் தூக்க முடியவில்லை. என்ன தலைவரே, சிரிக்கிறீர்கள்? உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார் என்று நான் சொல்லவா? சரி, சொல்லவில்லை.

இப்படி நாம் மேலே துடுப்பு வலித்த நாட்களில் கீழே என்ன நடந்தது? அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

பவித்ரா முதல் மாடியில் தம் தாயார் கண்ணம்மாளோடு குடியிருக்கிறார். அவருக்கு இரவில் பணி, பகலில் உறக்கம். அவர் படுக்கையறைக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அதற்கும் மேலே தம்பி அழகுராஜாவின் வீடு. நாம் உடம்பை வளர்க்கும் நேரமெல்லாம் அவர் கண்ணை மூடும் நேரம். பொறுத்தார். பஞ்சை வைத்துக் காதை அடைத்தார். தலையணையால் தலையை மூடினார். போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். வந்து சண்டையா போட்டார்? சத்தமா போட்டார்? தாழ்ந்த குரலில் சொன்னார்:

‘ஐயா, நான் யாரையும் குறை சொல்ல வரல. எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் செய்யுறீங்க. என்னால தூங்க முடியல. வேற வீடு பாத்துட்டேன். அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டெம்போ வருது.’

அவர் தாயார் கண்ணம்மாள் அவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. ‘ஏன்யா, படகே இல்லாத ஊர்ல இம்புட்டுப் பேரு துடுப்புப் போட்டு எங்கதான்யா போறீங்க? போய்ச் சேந்தா ஒரு போன் போட்டுச் சொல்லுங்க, நாங்க செத்த நேரம் கண்ண மூடுறோம்’ என்று கேட்டார்.

பவித்ரா போய்விட்டால் என்ன ஆகும்? மாடிப்படியில் மயங்கி விழுந்த நம் தலைவரை வண்டி வரும்வரை மடியில் தாங்கியவர் யார்? பணி முடிந்து வந்த களைப்பிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நமக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ‘ஊறுகாயக் குறைங்க பெரியப்பா’ என்று சொல்பவர் யார்? வீட்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விடலாம். அந்தக் குரலை விட முடியுமா?

உடனே தலைவர் எழுந்தார். ‘ஏனுங்க, எந்த மிஷினு ஆகும், எது ஆகாதுன்னு ஒருத்தர் பாத்துச் சொல்லிப்போடுங்க. அதையே எல்லாரும் கேட்டுக்கலாமுங்க’ என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். சுவர் நின்றது. பவித்ராவும் ஒரு சொல் தந்தார்: ‘ஆண்டு விழா அன்னைக்கு ஐயா சொல்லட்டும். அதுவரைக்கும் டெம்போக்காரர்கிட்ட முடிவாச் சொல்லாம இருக்கேன்.’

அந்த ஆண்டு விழா இதுதான். அந்தச் சொல் என் தலைமேல்தான்.

எப்படி ஒப்பிடுவது? கடைக்காரரைக் கேட்டால் விற்பதற்காகச் சொல்வார். வாங்கியவரைக் கேட்டால் வாங்கிவிட்டதற்காகச் சொல்வார். நீண்ட யோசனைக்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. துடுப்பு இயந்திரத்தின் தரத்தை அதன்மேல் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கக் கூடாது. அதன் கீழே படுத்திருப்பவரிடம் கேட்க வேண்டும்! ஆகவே பவித்ராவின் வீட்டில், அவர் உறங்கும் அறையில், அவர் உறங்கும் நேரத்தில், நானே படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எளிது. அடுத்தவர் வீட்டில் போய் ‘நான் கொஞ்சம் படுக்கட்டுமா’ என்று கேட்பது எளிதா? அவர்கள் வாசலுக்கு மூன்று முறை போய் மூன்று முறை திரும்பினேன். நாலாம் முறை கண்ணம்மாளே கதவைத் திறந்து, ‘உள்ள வாங்க, பாய் போட்டுருக்கு. பவித்ரா முன்னறையில படுத்துக்கிரும். உங்க வீட்டம்மா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாக’ என்றார். என் துணைவியார் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? ‘எங்க வீட்டுக்காரரு ஆராய்ச்சி பண்ணப் படுக்குறாராம். குறட்டை விட்டா எழுப்பி விட்டுருங்க.’

அதோ, கை தட்டுகிறார்கள். தாய்மார்கள் பக்கம்தான் பலமாகத் தட்டுகிறார்கள்.

சோதனை என்றால் சூழ்நிலை ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே நான்கு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்தோம். அழகுராஜாவும் அவர் நண்பர்களும் தூக்கினார்கள். இயந்திரத்தில் செய்த பயிற்சியைவிட, இயந்திரத்தைப் படியில் தூக்கியதுதான் பெரிய பயிற்சி என்று அவர்கள் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். வலிப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை என் துணைவியார் ஏற்றார். ஆய்வகத்தில் மாறாத எடைக்கல் ஒன்று வைத்திருப்போம், அதைப் போல... வேண்டாம். அந்த உவமையைத் திரும்பப் பெறுகிறேன். பார்வையிலேயே தெரிகிறது. நகர்ந்துவிடுகிறேன்.

முதலில் தலைவரின் இயந்திரம். எண்ணெய் உருளை வகை. அலுவலகக் கதவு அடித்துக்கொள்ளாமல் மெல்ல மூட மேலே ஒரு குழல் பொருத்தியிருப்பார்களே, அதன் உறவுக்காரன். இரண்டு கைப்பிடி, இரண்டு குழல். குழலுக்குள் எண்ணெய், எண்ணெய்தான் எதிர்க்கும். அடக்கமானது, மடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சின்ன வீட்டுக்குச் சிக்கனமான துணை. குறை இல்லையா? உண்டு. கால் மணி நேரம் வலித்தால் எண்ணெய் சூடேறி இளகிவிடும். முதலில் முறைத்த இயந்திரம் பிறகு முகம் கொடுத்துப் பேசும். இருக்கையும் தரையோடு தரையாகத் தாழ்ந்தது. இதில் முதன்முதல் உட்கார்ந்த அன்று நம் தலைவர் நன்றாக வலித்தார். நன்றாக வியர்த்தார். பிறகு எழ முடியவில்லை. வாசலில் போன என்னைப் பார்த்து, ‘ஏனுங்க ஐயா, செய்யறதெல்லாம் செஞ்சுட்டனுங்க. எந்திரிக்கறதுக்கு இதுல எந்தப் பட்டனுங்க?’ என்று கேட்டார். ஆகவே மூத்தோர்களே, எந்த வகை வாங்கினாலும் முதலில் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். உட்காருவது எல்லாராலும் முடியும். எழுவதுதான் தேர்வு!

கீழே படுத்திருந்த எனக்கு என்ன கேட்டது? ‘கிரீச்... கிரீச்...’ அவ்வளவுதான். எலி ஒன்று கதவைத் திறந்து மூடுவதுபோல. ஆனால் அடுத்த கிரீச் எப்போது வரும் என்று மனம் காத்துக்கொண்டே இருந்தது. காத்திருக்கும் மனம் உறங்குமா?

இரண்டாவது, தம்பி அழகுராஜாவின் காற்று வகை. உள்ளே ஒரு விசிறிச் சக்கரம், அதைச் சுழற்ற ஒரு சங்கிலி. இதற்கு ஒரு நீதி உண்டு: நீங்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாக எதிர்க்கும். மெல்ல இழுத்தால் மெல்லப் பேசும். வேகமாக இழுத்தால் வேகமாகப் பேசும். உழைப்பை ஏமாற்றாத இயந்திரம். போட்டிக்குப் பழகுபவர்கள் பெரும்பாலும் விரும்புவது இந்த வகையைத்தான் என்று படித்தேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு அவ்வப்போது எண்ணெய் இட்டால் உழைத்துக்கொண்டே இருக்கும். வலிப்பவருக்கு இலவசமாகக் காற்றும் வரும்.

ஆனால் ஓசை! ஆடி மாதக் காற்றை அறைக்குள் அடைத்து வைத்த ஓசை! நான் படுத்திருந்தேன். சன்னல் வழியே புயல் வந்தது. கண்ணம்மாள் எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, ‘ஏலே அழகு! வானம் வெளுத்துக் கெடக்கு, நீ ஒருத்தனே பூராச் சூறாவளியையும் வச்சிருக்கியேடா!’ என்று படியில் நின்று கூவினார். தம்பி அங்கே முகத்தை மூடிக்கொள்கிறார். மூட வேண்டாம் தம்பி. உங்கள் இயந்திரம் நல்ல இயந்திரம். அது இருக்கும் இடம்தான் தவறு. இந்த ஒரு சொல்லை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு இங்கேயே திரும்பி வருவேன்.

மூன்றாவது... செம்பில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். தாகத்துக்காக மட்டும் அல்ல, தைரியத்துக்காகவும்.

மூன்றாவது, எங்கள் வீட்டு இயந்திரம். நீர் வகை. கண்ணாடிபோல் தெளிந்த ஒரு வட்டத் தொட்டி. உள்ளே துடுப்பு இலைகள். இழுத்தால் இலைகள் சுழன்று நீரை அள்ளித் தள்ளும். அந்த இழுவையின் மென்மை மற்ற மூன்றிலும் இல்லை. உண்மையை உண்மையாகச் சொல்கிறேன். வெட்டு இல்லை, வெடுக்கென்ற இழுப்பு இல்லை. இருக்கையும் உயரம். முழங்கால் வலியால் ஆலயத்தில் மண்டியிட முடியாமல் பலகையில் அமர்ந்தே செபித்துக்கொண்டிருந்த என் துணைவியார், இதில் பழகிய பிறகு போன ஞாயிறு மண்டியிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். பார்க்காததுபோல் பார்த்தேன். அந்த இயந்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என் நாக்கு ஏன் தயங்குகிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

தொட்டியை நிரப்பியதே ஒரு வரலாறு. நல்ல நீர் ஊற்ற வேண்டும் என்றது கையேடு. நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை நான் ஊற்றினேன். சில வாரத்தில் தொட்டியின் உள்ளே வெள்ளைத் திட்டு. வெயில் பட்ட பக்கம் பச்சைப் பாசி. ‘இந்தாங்க, இது மிஷினா, குட்டையா? தவளை ஒண்ணுதான் கொறச்சல்’ என்றார் அம்மையார். கழுவினோம். சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாக அவரே ஊற்றினார். பாசி பிடிக்காத மாத்திரையைப் போட்டோம். வெயில் படாத மூலைக்கு நகர்த்தினோம். அன்று எங்கள் வீட்டில் சோறு உப்புநீரில்தான் வெந்தது.

இந்த வகையை விற்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘நீரோசை இதமானது, தாலாட்டுப் போன்றது, கேட்டால் உறக்கம் வரும்.’ எந்த ஊரில் ஐயா வரும்? ஆறு ஓடும் ஊரில் வரலாம். அருவி விழும் ஊரில் வரலாம். குழாயில் எப்போது நீர் வரும் என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில் நீரோசை கேட்டால் உறக்கமா வரும்?

பவித்ரா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ‘ஐயா, விடியக்காலை வந்து படுத்தேன். கண்ணு செருகுது. சலசலன்னு சத்தம். தண்ணி வந்துருச்சுன்னு எந்திரிச்சேன். குடத்த எடுத்துக்கிட்டுக் குழாயடிக்கு ஓடுறேன், அங்க எனக்கு முன்னாடி நாலு பேரு குடத்தோட நிக்கிறாக. குழாயில காத்துதான் வருது. மேல அம்மா துடுப்புப் போடுறாக!’

ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும்! இது பொய்யோசை என்று அறிவுக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமா? ‘இன்னைக்கு நெசமாவே வந்துருந்தா?’ என்று கால் கேட்கிறது, கால் ஓடுகிறது. நானும் சோதித்தேன். எல்லாம் தெரிந்துதான் படுத்தேன். மேலே நீர் சுழல்கிறது என்று தெரியும், சுழற்றுபவர் என் மனைவி என்று தெரியும், இது சோதனை என்று தெரியும். கண் அயர்ந்த நேரம் ‘சலசல’ என்றது. என்னையறியாமல் எழுந்து உட்கார்ந்து, ‘குடத்தை எடு!’ என்று கத்தினேன். எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. இதே சோதனையைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்த கண்ணம்மாள், குடத்தோடு போய்விட்டிருந்தார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் குழாயடியில் நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நான்காவது, தரைத்தளத்தில் குடியிருக்கும் நண்பர் பாக்கியராஜின் இயந்திரம். காந்த வகை. இரும்புச் சக்கரம் ஒன்று சுழலும். பக்கத்தில் காந்தம் நிற்கும். தொடாது. உரசாது. தொடாமலே தடுக்கும். என் துணைவியார் கூட்டத்தில் என்னைப் பார்வையால் தடுப்பதுபோல. குமிழைத் திருகினால் இறுக்கம் கூடும், குறையும். காற்று வகைபோல் உங்கள் வேகத்துக்கு ஏற்பப் பொங்கி எழாது. வைத்த அளவில் நிற்கும். போட்டிக்குப் பழகுபவருக்கு அது சற்றுச் சப்பென்று இருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அது போதும். ஓசை? இருக்கை தண்டில் உருளும் ஓசை மட்டும். கீழே ஒரு ரப்பர் விரிப்பு, அதன் கீழே மடித்த பழைய சமுக்காளம் போட்டால் அதுவும் அடங்கும்.

இதைச் சோதித்த நாளில் முதலில் குழப்பம் வந்தது. இயந்திரம் ஊமை, ஆனால் மேலிருந்து ஒரு குரல் மட்டும் இடைவிடாமல் கேட்டது: ‘ரைட்!... ரைட்!...’ பாக்கியராஜ் பணிக்காலம் முழுவதும் சிறுமலைப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். தம் இயந்திரம் அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வந்தவர், என் துணைவியார் ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் பழக்க தோஷத்தில் ‘ரைட்’ கொடுத்துக்கொண்டிருந்தார். என் துணைவியாரும், ‘ஏண்ணே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன், செத்த நேரம் சும்மா இருங்க’ என்று சொன்னது கீழே எனக்கே கேட்டது.

அவரைப் பக்குவமாகத் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மறுபடியும் படுத்தேன். என் துணைவியார் துடுப்புப் போட்டார். காத்திருந்தேன். கவனித்தேன். குறிக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணம்மாள்தான் எழுப்பினார். ‘எந்திரிங்கண்ணே, ஆராய்ச்சி முடிஞ்சு அவுக சோறே வடிச்சுட்டாக.’

உறங்கியிருக்கிறேன்! இயந்திரத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது! ஆனால் எனக்கு ஐயம் வந்துவிட்டது. உறங்கியது இயந்திரத்தின் அமைதியாலா, என் வயதாலா? மறுநாளும் படுத்தேன், உறங்கினேன். மூன்றாம் முறையும் படுத்தேன், உறங்கினேன். என்னம்மா? முன் வரிசையிலிருந்து சொல்கிறார்: ‘அவரு எங்க படுத்தாலும் தூங்குவாரு!’ நல்ல மறுப்பு. அதற்கும் விடை வைத்திருக்கிறேன். அப்படி எங்கும் உறங்கும் நானே நீர் வகைக்குக் குடம் கேட்டு எழுந்தேன் அல்லவா? அதுதான் ஒப்பீடு!

ஆகவே சபையோரே, எது நல்ல இயந்திரம்? இடம் இல்லாதவருக்கு எண்ணெய் உருளை. வேகம் வேண்டுபவருக்குக் காற்று. மென்மை வேண்டுபவருக்கு நீர். அமைதி வேண்டுபவருக்குக் காந்தம். நான்கும் நல்லவை. பிறகு எங்கே பிழை?

படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தெரிந்தது. நம் கட்டடத்தில் தனக்குக் கீழே யாருமே குடியிருக்காத வீடு ஒன்றே ஒன்று: தரைத்தளத்துப் பாக்கியராஜ் வீடு. அங்கே புயலை வைத்தாலும் கீழே மண்தான் கேட்கும். அந்த வீட்டில் என்ன இருக்கிறது? எல்லாவற்றிலும் அமைதியான காந்த இயந்திரம்! உறங்க வேண்டியவர் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? ஊரையே குடத்தோடு ஓட வைக்கும் நீர் இயந்திரம்! இயந்திரம் எதுவும் தவறு அல்ல. ஒவ்வொன்றும் தவறான வீட்டில் குடியிருக்கிறது!

ஆகவே என் தீர்ப்பு. பவித்ராவின் அறைக்கு நேர் மேலே இல்லாத தலைவரின் எண்ணெய் உருளை, ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு ரப்பர் விரிப்பும் இட்டு, இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அழகுராஜாவின் காற்று இயந்திரம் இந்தக் கூடத்துக்கு வரட்டும். பவித்ரா பணிக்குப் போன பிறகு மாலையில் எல்லா இளைஞர்களும் புயல் வீசட்டும். பாக்கியராஜின் காந்தம் மேலே எங்கள் வீட்டுக்கு வரட்டும். எங்கள் நீர் இயந்திரம்... கீழே பாக்கியராஜ் வீட்டுக்குப் போகட்டும். சோதனைதான் என்று வீட்டில் சொல்லி, அவர் வீட்டுப் பின்னறையில் அதை ஒரு நாள் வைத்து, கதவை மூடி, முதல் மாடியில் படுத்தும் பார்த்துவிட்டேன். சலசலப்பு மேலே ஏறவில்லை. எதற்கும் மறுபடி சரிபார்க்கலாம்.

பாக்கியராஜ், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கேட்டீர்களா? ஒரே சொல்தான் சொன்னார். ‘ரைட்!’ வண்டி நகரலாம் என்று பொருள்.

ஆனால் வண்டியில் இன்னொருவர் ஏற வேண்டும். அவர் இன்னும் கைகளைக் கட்டிக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறார். வீட்டில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அம்மையாரே. சமையலறை வரைக்கும் வருவேன், ‘காபி வேணுமா?’ என்பீர்கள், ‘ஆமாம்’ என்று திரும்பிவிடுவேன். அதனால் இத்தனை பேர் சாட்சியாக மேடையில் நின்று கேட்கிறேன். உங்களை மண்டியிட வைத்த இயந்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்கிறேன். காலுக்குக் கிடைக்கும் பயன் காந்தத்திலும் அதேதான். அந்த மென்மை மட்டும் கிடைக்காது. மறைக்கவில்லை.

ஏன் கேட்கிறேன்? பவித்ரா எங்கே பணி செய்கிறார்? உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் ஒருமுறை உரக்கச் சொல்கிறேன். பிறந்த சூடு ஆறாத பச்சைக் குழந்தைகள் படுத்திருக்கும் அறையில்! உள்ளங்கை அளவு உடம்பு. நூல் போன்ற நரம்பு. ஊரெல்லாம் உறங்கும் நேரத்தில் அந்த நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டிய கை இவர் கை. என் கை நடுங்கலாம். நடுங்கினால் ஒலிவாங்கிதான் ஆடும். அந்தக் கை நடுங்கலாமா? நம் தோள் உரம் பெற அந்தத் தோள் தளர வேண்டுமா? நம் கால் வலுக்க அந்தக் கண் எரிய வேண்டுமா? நாம் பகலில் பறித்த உறக்கத்துக்கு, இரவில் பெயர்கூட வைக்காத ஒரு பிள்ளை விலை கொடுக்க வேண்டுமா? வேண்டாம்! நம் உடற்பயிற்சி நம் உடம்போடு நிற்கட்டும்! நம் ஓசை நம் சுவரோடு நிற்கட்டும்! மேலே துடுப்பு இருக்கட்டும், கீழே தூக்கமும் இருக்கட்டும்! இரண்டும் இருக்கும் கட்டடம்தான் வீடு! மற்றதெல்லாம் வெறும் செங்கல்! வெறும் சிமெண்டு! வெறும்...

என்னம்மா? ஏன் கையை உயர்த்துகிறீர்கள்? ஏன் உதட்டில் விரலை வைக்கிறீர்கள்?

...ஓ.

மன்னியுங்கள். மூக்குக் கண்ணாடி கீழே இறங்கியிருந்ததால் கவனிக்கவில்லை. இவ்வளவு ஒலிபெருக்கிக்கு நடுவிலும் பவித்ரா என் துணைவியாரின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். பின் வரிசைக்குக் கேட்காவிட்டால் அருகில் வாருங்கள். நாற்காலியை இழுக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு வாருங்கள்.

என் துணைவியார் மெல்லச் சொல்வதை உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன். ‘கத்தாதீங்க. பிள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு. மிஷின நாளைக்கே எறக்கிக் குடுத்துருங்க. தொட்டியில இருக்க நல்ல தண்ணிய மட்டும் எனக்கு வடிச்சுக் குடுங்க. அது நான் புடிச்ச தண்ணி. செடிக்கு ஊத்திக்கிறேன்.’

கைதட்ட வேண்டாம்! தயவுசெய்து வேண்டாம். தலையை மட்டும் அசையுங்கள். போதும்.

யார் கைப்பேசி அது? பவித்ராவுடையதா? எடுங்கள் அம்மா, சீக்கிரம் எடுங்கள்... டெம்போக்காரராம். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கிறாராம். என்ன சொல்லட்டும் என்று என் துணைவியார் என்னைப் பார்க்கிறார். நான் எப்படி அம்மா சொல்வேன்? அந்தச் சொல் பவித்ராவுடையது அல்லவா?

பொறுங்கள். பவித்ராவின் உதடு அசைகிறது. கண் திறக்கவில்லை. தோளிலிருந்து தலையும் எடுக்கவில்லை.

‘வேணாம்னு சொல்லுங்கம்மா.’

நன்றி, மகளே. இந்த வாய்ப்பைத் தந்த தலைவருக்கும், பாய் விரித்துக் கொடுத்த கண்ணம்மாளுக்கும், படியில் சுமந்த இளைஞர்களுக்கும், ரைட் கொடுத்த நண்பருக்கும், தோள் கொடுத்த என் துணைவியாருக்கும் என் நன்றி. தேநீர் வந்துவிட்டது. குவளைகள் இடிக்காமல் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளுங்கள். உரக்க வணக்கம் சொல்லி விடைபெறுவதுதான் மேடை வழக்கம். இன்று அந்தச் சொல்லையும் சொல்லாமல், கைகளை மட்டும் குவித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.